பின்நரம்பு கிழிந்த மட்டக்குதிரையை ஏப்ரல் சுற்றுலா சீசனுக்கு வேலைக்கு எடுக்கலாமா?

ஏரிக்கரை_லாயம் (நுவரெலியா) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பெட்டைக் குதிரை, மட்டம், வயது 11, எடை 300 கிலோ அளவில். ஏரிக்கரையில் சவாரி வேலை. கார்த்திகை முதல் வாரம் இடது முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் வீங்கி, கால் ஊன்ற ஏலாமல் போனது. மிருக வைத்தியர் ஸ்கேன் பண்ணி, தோலை ஒட்டி ஓடும் வெளிநாணில் நட்டநடுவே கிழிசல், நாணின் குறுக்களவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு என்றார்.

இப்போது 10 வாரம் முடிந்துவிட்டது. முதல் 2 வாரம் லாயத்தை விட்டு வெளியே எடுக்கவில்லை. 3ஆம் வாரத்தில் 10 நிமிடம் கையில் பிடித்து நடத்தத் தொடங்கி, வாரம் 5 நிமிடமாகக் கூட்டி, இப்போது 40 நிமிடத்தில் நிற்கிறது. நடையில் நொண்டல் துளியும் இல்லை. வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் தடவிப் பார்த்தால் வலது காலைவிடக் கொஞ்சம் தடிப்பு. அடுத்த ஸ்கேன் 12ஆம் வாரம்.

என் கேள்விகள்: ஏப்ரல் சீசனுக்குச் சேணம் போடலாமா? லாயத்திலிருந்து ரோட்டுக்கு 200 மீட்டர் செங்குத்து இறக்கம், அது காலுக்குக் கெடுதலா? வெளியே எடுத்ததும் துள்ளுகிறது, அதை எப்படி அடக்குவது? தீனி இப்போது கிகுயு புல், ஒரு நாளைக்கு 2 கிலோ அரிசித் தவிடு, கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கு, தோட்டங்களில் கழிக்கும் மரக்கறி. இது சரியா? கடைசியாக ஒன்று. காலில் சூடு போட்டால் நரம்பு இறுகும் என்று இரண்டு மூன்று பேர் சொல்கிறார்கள். செய்யலாமா?

---

நானுஓயா_கடிவாளம்:

தம்பி, இதுவரை செய்தது சரியாகத்தான் இருக்கிறது. இனித்தான் ஆபத்தான காலம், ஏனென்றால் குதிரை குணமானது மாதிரித் தெரியும், நாண் குணமாகியிருக்காது.

நரம்பு என்று நம்ம பக்கம் சொன்னாலும் இந்த நாண் தசையையும் எலும்பையும் கட்டும் கயிறு. கிழிந்த இடத்தில் முதல் வாரங்களில் உடம்பு அவசரத்துக்கு ஒரு நாரைப் போட்டு அடைக்கும். அந்த நார் மெல்லியது, தாறுமாறாகக் கிடக்கும், இழுத்தால் தாங்காது. அது மெதுவாகத் தடித்த நாராக மாறி, கால் இழுபடும் திசையில் நேராக அடுக்கிவர 9 முதல் 12 மாதம் எடுக்கும். பெரிய கிழிசல் என்றால் ஒன்றரை வருடம். வலியோ 4, 5 வாரத்தில் போய்விடும். அதனால் நொண்டல் இல்லை என்பதை வைத்து வேலையைத் தீர்மானிக்கவே கூடாது. அளவாக நடத்துவதும் இந்த நார் நேராவதற்குத்தான். சும்மா கட்டிப்போட்டால் தழும்பு கோணல்மாணலாக இறுகும், அளவு மீறினால் மறுபடி கிழியும்.

12ஆம் வாரம் ஸ்கேன் நல்லதாக இருந்தால் மட்டும் அடுத்த படி. 13 முதல் 16ஆம் வாரம் வரை 40 நிமிட நடை, 5 நிமிட ட்ரொட் (மெதுவோட்டம்). அந்த 5 நிமிடத்தை ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். 10 நிமிடம் நடந்து உடம்பு சூடான பிறகு 1 நிமிட ட்ரொட், 3 நிமிட நடை, திரும்ப 1 நிமிடம் என்று ஐந்து தரம். 17 முதல் 20 வரை நடை 35, ட்ரொட் 10. 21 முதல் 24 வரை நடை 30, ட்ரொட் 15. 28ஆம் வாரத்துக்குள் ட்ரொட் 20. கேன்டர் (ட்ரொட்டைவிட வேகமான ஓட்டம்) 8ஆம் மாதத்துக்கு முன் வேண்டாம். நீங்கள் சொல்லும் கணக்குப்படி அது ஆனி கடைசி, ஆடி. அப்போது தென்மேல் பருவ மழையில் புல்தரை சேறாகக் கிடக்கும். தரை காயும்வரை இன்னும் சில வாரம் ட்ரொட்டிலேயே வைத்திருங்கள், ஒன்றும் குறையாது.

எந்தப் படியிலும் நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். ஒன்றைக் கூட்டினால் மற்றது நிற்க வேண்டும். ஸ்கேனில் நாணின் குறுக்களவு முந்தியதைவிட 10 வீதத்துக்கு மேல் பெருத்திருந்தால் ஒரு படி இறங்கி வாருங்கள், வெளியே கால் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் சரி. குறுக்குவெட்டுப் படத்தோடு நீளவாட்டுப் படமும் எடுக்கச் சொல்லுங்கள். நார் நேராக ஓடுகிறதா என்பது அதில்தான் தெரியும்.

தரை விசயம். தட்டையாக, கெட்டியாக, நேராக இருக்க வேண்டும். சேற்றில் கால் புதைய, நாண் ஒவ்வொரு அடிக்கும் கூடுதலாக இழுபடும். உங்கள் சப்பாத்தின் குதி ஓர் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் அன்றைக்கு ரேஸ்கோர்ஸ் புல்லை விட்டுவிட்டு ரோட்டோரம் நடத்துங்கள். நடைக்குத் தார் ரோடு பரவாயில்லை. கயிறு கட்டி வட்டமாகச் சுற்ற விடுவதை அடியோடு மறந்துவிடுங்கள். சின்ன வட்டத்தில் ஒரு பக்கக் கால் முழுப் பாரத்தையும் முறுக்கத்தோடு வாங்கும். திருப்பும்போதும் 5, 6 மீட்டர் அகலம் விட்டுத் திருப்புங்கள்.

இறக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நிற்கும்போதே குதிரையின் பாரத்தில் 60 வீதம் அளவில் முன்னங்கால்களில்தான். இறக்கத்தில் அது இன்னும் முன்னுக்குப் போகும், தடுத்துப் பிடிப்பதும் அந்தக் கால்களே. லாயத்துக்குப் பக்கத்தில் 30 மீட்டர் சமதரை இருந்தால் போதும், 24ஆம் வாரம் வரை போய்வந்து போய்வந்து அங்கேயே நடத்தலாம். வேறு வழியில்லை என்றால் இறக்கத்தில் நேராக இறக்காமல் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து, தலையை உயர்த்திப் பிடித்து, நிறுத்தி நிறுத்தி இறக்குங்கள். கொங்கிறீட் நனைந்திருந்தால் இறக்கவே வேண்டாம். ஒரு சறுக்கலில் பத்து வாரம் போகும். 6ஆம் மாதத்துக்குப் பிறகு மெதுவான ஏற்ற நடை நல்ல மருந்து. வேகம் இல்லாமலே மூச்சும் பின்புறத் தசையும் வரும். மலைநாட்டில் நமக்குக் கிடைத்த வசதி அது.

துள்ளலுக்கு: தலைக்கயிறு மட்டும் போட்டு எடுக்காதீர்கள், கடிவாளம் போட்டு 3 மீட்டர் கயிறு, கையுறை. புல் தின்ற பிறகு எடுங்கள், பசியோடு அல்ல. ஹோர்ன் சத்தமும் கூட்டமும் இல்லாத காலை நேரம். முதல் 10 நிமிடம் இரண்டு பேர் பிடித்தால் நல்லது. அப்படியும் அடங்காவிட்டால் வைத்தியரிடம் கேளுங்கள், சாந்தப்படுத்த மருந்து தருவார். நடக்கக்கூடிய அளவு விழிப்பு இருக்கும். ஒரு துள்ளல் நடையைவிட மிக அதிகப் பாரத்தை அந்த நாணில் போடும், ஆகவே மருந்து கொடுப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

சூடு வேண்டாம். வெளித்தோல் வெந்து தழும்பாகும், உள்ளே நார் ஒரு நாள்கூட முன்னதாக ஆறாது. சூடு போட்ட குதிரை தேறுவதாகத் தெரிவது, அதன் பிறகு மாதக்கணக்கில் ஓய்வு கொடுப்பதால்தான்.

---

லாடமும்_அரமும் (ஹட்டன்):

காலை மட்டும் பார்க்கிறீர்கள், குளம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. 10 வாரமாக வேலை இல்லாத குதிரையில் முன்விரல் பக்கம் நீண்டு, குதி தாழ்ந்து போயிருக்கும். குளம்பு தரையை விட்டுக் கிளம்பும் கடைசி நொடியில் நீண்ட முன்பக்கம் ஒரு நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். கிளம்ப நேரம் எடுக்கும், அந்த நேரம் முழுக்க பின்நாண்கள் இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

குதிரையைச் சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டில் குந்தியிருந்து பாருங்கள். குளம்பின் முன்கோடும் அதற்கு மேலே கணு (குளம்புக்கு மேலுள்ள மூட்டு) வரைக்கும் உள்ள சாய்வும் ஒரே கோடாகப் போக வேண்டும். குளம்பு அந்த இடத்தில் முன்னுக்கு மடிந்து படுத்திருந்தால் முன்பக்கத்தை அராவ வேண்டும். 5, 6 வாரத்துக்கு ஒரு தரம் திருத்தம். லாடத்தின் முன்விளிம்பைச் சற்று உருட்டி அடித்தால் குளம்பு சுலபமாகப் புரளும்.

குதியை ஆப்பு வைத்து உயர்த்தினால் நரம்புக்கு ஆறுதல் என்று சொல்லி ஆப்பு அடிப்பார்கள். அது வெளிநாணுக்கு உள்ளே, எலும்புப் பக்கமாக ஓடும் உள்நாணுக்குப் பொருந்தும். உங்கள் குதிரைக்குக் கிழிந்தது வெளிநாண், அதற்கு ஆப்பு உதவாது, பாரம் கூடவும் இடமுண்டு. வைத்தியர் சொல்லாமல் அடிக்க விடாதீர்கள்.

இன்னொன்று, நம்ம குளிர்ப் பக்கத்தில் ஈரத்தில் நிற்கும் குதிரைக்குக் குளம்படி அழுகும். தவளைப் பகுதியின் (குளம்படியில் உள்ள முக்கோண மெத்தை) நடுக்குழியில் கறுப்பாக, நாற்றமாக இருக்கும். அது வந்தால் குதிரை குதியை ஊன்றாமல் விரலில் நடக்கும், நீங்கள் நரம்புக்கு என்று நினைத்துக் குழம்புவீர்கள். தினம் இரண்டு தரம் குளம்பைத் தோண்டித் துடைத்து, கீழே உலர்ந்த மரத்தூள் போடுங்கள்.

---

அம்பேவலை_புல்வெளி:

தீனியைப் பற்றிச் சொல்கிறேன், அவசரமாக மாற்ற வேண்டியது இரண்டு இருக்கிறது.

முதலாவது மரக்கறிக் கழிவு. லீக்ஸ் ஓர் இலைகூடக் கொடுக்கக் கூடாது. லீக்ஸும் வெங்காயமும் குதிரையின் சிவப்பணுக்களை உடைக்கும், இரத்தம் வற்றிப் போகும். கோவா (முட்டைக்கோஸ்) வயிற்றில் வாயுவை உண்டாக்கும், ஓய்வில் நிற்கும் குதிரைக்குக் குடல்வலி வர அது போதும். உருளைக்கிழங்குக் கொடியும் பச்சைக் கிழங்கும் நஞ்சு. கரட் மட்டும் கொடுக்கலாம், ஒரு நாளைக்கு 1 கிலோ, வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் கீறி. வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும். எதைக் கொடுத்தாலும் மருந்து அடித்து எத்தனை நாள் என்று தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இரண்டாவது தவிடு. 1 கிலோ அரிசித் தவிட்டில் பொசுபரசு 16 கிராம் அளவில், கல்சியம் 1 கிராம்தான். குதிரைக்குக் கல்சியம் பொசுபரசைவிடக் குறைய இருக்கவே கூடாது, ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று வரை வேண்டும். அதற்கு மேல் கிகுயு புல்லில் ஒக்சலேற்று உண்டு, அது புல்லில் உள்ள கல்சியத்தையும் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டுக்கு அது பெரிய பிரச்சினை இல்லை, வயிற்றில் உடைத்துவிடும். குதிரைக்கு ஏலாது. இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கத் தொடங்கும். இடம் மாறி மாறி நொண்டும், தாடை எலும்பு தடிக்கும். கால் ஆறிவரும் நேரத்தில் இது வந்தால் எது எதனால் என்று யாருக்கும் விளங்காது.

ஆகவே தவிட்டை 10 நாளில் படிப்படியாக அரைக் கிலோவுக்கு இறக்குங்கள். நிற்கும் குதிரைக்கு 2 கிலோ தேவையே இல்லை, துள்ளலில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. கொடுக்கும் ஒவ்வொரு கிலோ தவிட்டுக்கும் கோழித் தீவனத்துக்கு விற்கும் சுண்ணாம்புக்கல் மா 40 முதல் 50 கிராம் கலக்க வேண்டும், அரைக் கிலோவுக்கு அதில் பாதி. கிகுயுவுக்காக எவ்வளவு கூட்டுவது என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். தேயிலைக்குப் போடும் டொலமைற்றை எடுத்துப் போட வேண்டாம், அது தீவனத் தரம் இல்லை. கினிப்புல், வேலியோரப் புல் என்று கலந்து கொடுத்தால் கிகுயுவின் பங்கு குறையும். களைகொல்லி அடித்த தேயிலை மலையில் அறுத்த புல் வேண்டாம்.

300 கிலோ குதிரைக்குக் காய்ந்த கணக்கில் 4.5 முதல் 6 கிலோ புல் வேண்டும். பச்சையாக அறுத்தால் 25 முதல் 30 கிலோ, அதை நான்கு வேளையாகப் பிரியுங்கள். தை, மாசிக் குளிரில் பீலித் தண்ணீர் (மலையிலிருந்து குழாயில் விழும் தண்ணீர்) பல்லைக் கூசும், குதிரை குடிக்காமல் விட்டுவிடும். கொஞ்சம் வெந்நீர் கலந்து வையுங்கள். ஒரு நாளைக்கு 8க்குக் குறையாமல் சாணம் போட வேண்டும். 5, 6 ஆக இறங்கினால் அன்றைக்கே கவனியுங்கள்.

---

மந்திரி_வீட்டுக்_குதிரை (கண்டி):

நானுஓயா அண்ணன் சொன்னதோடு ஒத்துப் போகிறேன், ஆனால் ஏப்ரல் பற்றி அவர் நேரடியாகச் சொல்லவில்லை. கேள்வியே அதுதானே. ஏப்ரல் நடுவில் குதிரை 22, 23ஆம் வாரத்தில் இருக்கும். ஸ்கேன் நல்லதாக இருந்தால், 30 கிலோவுக்கு உட்பட்ட பிள்ளை ஒன்றை ஏற்றி, ஆள் பிடித்து, தட்டையான ரோட்டில், நடை மட்டும், 20 நிமிடம், ஒரு நாளைக்கு ஒரு தரம். அது அன்றைய 30 நிமிட நடைக்கு உள்ளேதான், அதற்கு மேலதிகமாக அல்ல. சீசன் வேலை என்பது இது இல்லை என்று தெரியும். என்றாலும் குதிரைக்குக் கூட்டம் பழகும், உங்களுக்கும் கொஞ்சம் கை வரும்.

---

நானுஓயா_கடிவாளம்:

கண்டித் தம்பி, கணக்கில் பிழை இல்லை. ஆனால் சீசனில் ஏரிக்கரைக்குக் கொண்டுபோனால் 20 நிமிடம் என்பது யார் கையில் இருக்கிறது? காலை 8 மணிக்கு நிறுத்தினால் மாலை வரை தாரில் நிற்கும். பக்கத்துக் குதிரை ஓடினால் இதுவும் பாயும். 70 கிலோ ஆள் வந்து இரண்டு மடங்கு காசு தருகிறேன் என்பார். 300 கிலோ குதிரை நல்ல காலத்திலேயே சேணம் உட்பட 60 கிலோ வரைதான் சுமக்க வேண்டும். பிள்ளையை ஏற்றுவதென்றால் லாயத்துப் பக்கத்திலேயே, சொந்த வீட்டுப் பிள்ளையை. ஏரிக்கரைக்கு இந்த ஏப்ரல் வேண்டாம் என்பதே என் முடிவு.

---

ஏரிக்கரை_லாயம்:

மிச்சம் நன்றி. லீக்ஸை அன்றே நிறுத்திவிட்டேன். 12ஆம் வாரம் ஸ்கேன் பார்த்தாகிவிட்டது, கிழிசல் நிரம்பி வருகிறது, குறுக்களவு கூடவில்லை, ட்ரொட் தொடங்கலாம் என்றார் வைத்தியர். தொடங்கி 6 நாள். இன்று காலை இரண்டு முன்னங்காலும் கீழே ஊதினமாதிரி இருந்தது, இடது கொஞ்சம் கூட. நிறுத்தவா? ஒருவர் வலி மருந்து 3 நாள் கொடுத்துவிட்டு நடத்தச் சொல்கிறார்.

---

நானுஓயா_கடிவாளம்:

வலி மருந்து கொடுக்காதீர்கள். கொடுத்தால் கால் பேசுவது உங்களுக்குக் கேட்காது. ஏற்கனவே கொடுத்திருந்தால் 4 நாள் விட்டுத்தான் காலைச் சோதித்துப் பயன் உண்டு.

இரண்டு காலும் ஒரே மாதிரி ஊதி, குளிர்ந்து, அழுத்தினால் குழி விழுந்து, 15 நிமிடம் நடந்ததும் வற்றினால் அது நின்றதால் வந்த நீர். குளிர் இரவில் சும்மா நிற்கும் குதிரைக்கு வருவதுதான். ஒரு கால் மட்டும், சூடு, அழுத்தினால் வலி, நடந்தும் வற்றாது என்றால் அது நாண். உங்களுக்கு இரண்டும் கலந்து தெரிகிறபடியால் இன்று ட்ரொட்டை நிறுத்தி இப்படிப் பாருங்கள்.

காலை 6 மணி, கட்டு இருந்தால் அவிழ்த்து ஒரு மணித்தியாலம் கழித்து, நடத்துவதற்கு முன். நுவரெலியாக் குளிரில் அந்த நேரம் நல்ல கால் கல்லு மாதிரிக் குளிர்ந்திருக்கும், ஆகவே கொஞ்சச் சூடும் தெரியும். வெயில் பட்ட பிறகு பார்த்தால் ஏமாந்து போவீர்கள். புறங்கையை முதலில் வலது காலில் வையுங்கள், பிறகு இடது. அடுத்து, காலைத் தூக்கி முழங்காலை மடக்கிப் பிடியுங்கள். நாண் தளர்ந்து கையில் வரும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நாணைப் பிடித்து, முழங்காலுக்குக் கீழேயிருந்து கணுவரைக்கும் ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக ஒரே அழுத்தத்தில் இறங்குங்கள். நல்ல நாணில் விளிம்பு கூராகப் பிடிபடும், வெளிநாணும் உள்நாணும் தனித்தனியாக நழுவும். பழுது உள்ள இடத்தில் விளிம்பு மழுங்கி, இரண்டும் ஒன்றாய் ஒட்டினமாதிரி இருக்கும். அந்த நேரம் காலைப் பார்க்காதீர்கள், காதைப் பாருங்கள். வலி என்றால் காலை இழுப்பதற்கு முன்பே காது பின்னுக்குப் போகும், மூக்கு இறுகும். வலது காலிலும் அதே அழுத்தம் கொடுத்து ஒப்பிட்டால்தான் அர்த்தம்.

முழங்காலுக்குப் பின்னால் துருத்தும் எலும்பிலிருந்து 14 சென்ரிமீற்றர் கீழே மயிரில் ஒரு சின்னக் கீறல் வெட்டிவிட்டு, தையல் நாடாவால் தினம் அதே இடத்தில் சுற்றளவு எடுத்துக் கொப்பியில் எழுதுங்கள். இறுக்காமல், எப்போதும் ஒரே ஆள். அன்றைக்கு எத்தனை நிமிடம், எந்தத் தரை, மழையா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். வைத்தியருக்கு அந்தக் கொப்பி ஸ்கேன் அளவுக்கு உதவும்.

பிறகு கெட்டித் தரையில் 30 மீட்டர் நேராக, கயிற்றைத் தளரவிட்டு ஒரு தரம் ட்ரொட் செய்ய வையுங்கள், இன்னொருவர் முன்னால் நின்று தலையைப் பார்க்கட்டும். நோகும் முன்கால் ஊன்றும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது கீழே வரும். தலை ஆடாமல், சூடும் வலியும் இல்லாமல் இருந்தால் 3 நாள் நடை மட்டும், நடந்து வந்ததும் காலில் பீலித் தண்ணீர் 15 நிமிடம் விட்டு, துடைத்துக் காயவைத்து, பிறகு 3 நிமிட ட்ரொட்டிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். இடதில் மட்டும் சூடோ வலியோ இருந்தால் 13ஆம் வாரத்தை மறந்துவிட்டு 20 நிமிட நடைக்கு இறங்கி வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

கட்டுக் கட்டுவதென்றால் பஞ்சு தடிப்பாக, இரண்டு காலுக்கும். பஞ்சு குறைவாகவோ ஓரிடத்தில் இறுகியோ கட்டினால் கட்டே நாணில் புது வீக்கத்தை உண்டாக்கும். வேலை செய்யும்போது தடித்த கட்டு வேண்டாம். பாய்ச்சலில் நாணின் நடுப்பகுதி 45 பாகை வரை சூடேறும், ட்ரொட்டில் அவ்வளவு இல்லை என்றாலும் ஏறும் சூடு வெளியேற வழி வேண்டும்.

---

ஏரிக்கரை_லாயம்:

இன்று காலை 6.15க்குப் பார்த்தேன் அண்ணே. இரண்டு காலும் குளிர்தான், சூடு இல்லை. நடந்து 12 நிமிடத்தில் இரண்டும் வற்றிவிட்டது. நாணைப் பிடித்தபோது காது அசையவில்லை. சுற்றளவு வலது 17.5, இடது 18.2 சென்ரிமீற்றர். கொப்பியில் எழுதிவிட்டேன். லாடக்காரர் வியாழன் வருகிறார், முன்பக்கம் நீண்டுதான் இருக்கிறது. நாளை முதல் 3 நாள் நடை மட்டும்.